கோட்டை நடையா, ஷட்டில் கோர்ட்டா, வி.ஆர். ஹெட்செட்டா: வேலூரில் தினசரி உடற்பயிற்சிக்கு எது சரிப்படும்?

வேலூரில் தினமும் உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு இப்போது நாலு வழி இருக்கிறது. கோட்டைப் பக்கம் நடக்கலாம், ஷட்டில் கோர்ட்டில் சேரலாம், ஜிம்முக்குப் பணம் கட்டலாம், இல்லையென்றால் தலையில் மாட்டினால் கண் முன்னால் ஒரு பொய் உலகத்தைக் காட்டும் வி.ஆர். (வர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட் ஒன்றை வாங்கி ஹாலிலேயே டேபிள் டென்னிஸும் பாக்ஸிங்கும் ஆடலாம். இந்த நாலாவதைப் பற்றித்தான் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். இவ்வளவு பணம் போட்டு வாங்கினால் தினமும் ஆடுவோமா, ரெண்டு மாதத்தில் பரணுக்குப் போய்விடுமா என்பதுதான் எல்லோருடைய பயமும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட ஆட ஆள், ஆட இடம், அதற்கு ஒத்துவரும் நேரம், இந்த மூன்றும் உங்களுக்கு அமைந்திருந்தால் ஹெட்செட் வேண்டாம், கோர்ட்டுக்குப் போங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் வி.ஆர். நல்ல வழி, அதுவும் டேபிள் டென்னிஸ் பிடிக்கும் என்றால் ரொம்பவே நல்ல வழி.

நம் ஊரில் இதை யோசிக்கும்போது வெயிலைத் தள்ளிவைத்துவிட்டு யோசிக்க முடியாது. மார்ச் கடைசியிலிருந்தே காய ஆரம்பித்துவிடும், அக்கினி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டுவதெல்லாம் சர்வ சாதாரணம், சுற்றிலும் இருக்கும் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் அக்டோபரில் மழை. ஆக, வெளியே ஆடுகிற எதுவாக இருந்தாலும் விடியற்காலை ரெண்டு மணி நேரம், இருட்டின பிறகு ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. அந்த நேரத்தில் வீட்டில் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, ஷிப்டு என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும்.

நடையை முதலில் பார்க்கலாம். கோட்டைப் பூங்காவிலும் அகழியை ஒட்டியும் காலையில் நடக்கிறவர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. செலவில்லை, கற்றுக்கொள்ள எதுவுமில்லை, அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே பாதையில் போகலாம். கோட்டைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் இதற்கு ஈடு வேறு கிடையாது. சத்துவாச்சாரியிலோ பாகாயத்திலோ இருந்துகொண்டு தினமும் வண்டி எடுத்துக் கோட்டைக்கு வந்து நடப்பது எத்தனை நாள் ஓடும்? தெருவிலேயே நடக்கலாம் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு நாய்கள் கூட்டமாக நிற்கும், தனியாகப் போகிற பெண்களுக்கு அது நிஜமான பயம். இன்னொன்று, நடை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் விளையாட்டின் சுவை அதில் கிடையாது. ஜெயிக்கணும் என்று ஒரு வெறி வந்தால்தான் உடம்பு அசையும் என்கிற ஜாதி மனிதர்கள் உண்டு, நானும் அந்த வகைதான்.

அந்த வகைக்கு ஷட்டில்தான் ராஜா. ஒரு மணி நேரம் டபுள்ஸ் ஆடினால் பனியன் பிழியப் பிழிய வரும், நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டுச் சிரிக்கலாம், ஆட்டம் முடிந்து கடை வாசலில் டீ குடிக்கும் பத்து நிமிஷம் இருக்கிறதே, அதை எந்த ஹெட்செட்டும் தராது. குறை என்று பார்த்தால் நாலு பேரும் ஒரே நேரத்தில் வரவேண்டும். ஒருவருக்குக் கல்யாண வீடு, ஒருவருக்கு மூட்டு வலி என்றால் அன்றைக்கு ஆட்டம் போச்சு. தகரக் கூரை போட்ட கோர்ட்டுகள் மே மாதம் சாயங்காலத்தில்கூட அனலாக இருக்கும், காற்றில் இறகு திசை மாறும் என்பதால் ஃபேனும் போட விடமாட்டார்கள். திடீரென்று நின்று திரும்புகிற ஆட்டம் என்பதால் கணுக்காலும் முட்டியும் அடி வாங்கும். நாற்பது வயதுக்கு மேல் வார்ம் அப் செய்யாமல் இறங்கவே கூடாது.

ஜிம்மைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் ரெண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. இந்த இரண்டாவதை நடையும் ஷட்டிலும் அரைகுறையாகத்தான் தரும், வி.ஆர். தரவே தராது, கையில் எடையே இல்லையே. பளு தூக்குவதில் நம் ஊருக்கு இருக்கும் பெயர் ஊருக்கே தெரியும். 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர்தான். அவ்வளவு தூரம் போகவேண்டாம், வாரம் ரெண்டு நாள் தண்டாலும் பஸ்கியும் எடுத்தாலே போதும். மீதி மூன்று வழியில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது வி.ஆர். பக்கம் வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை: ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு ‘வி.ஆர். பாக்ஸ்’ என்று கிடைக்கிறதே, போனை உள்ளே சொருகி மாட்டிக்கொள்வது, அதை உடற்பயிற்சிக்கு வாங்கிவிடாதீர்கள். நீங்கள் தலையைத் திருப்புவது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு அடி முன்னால் வந்தீர்களா, கை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது, உட்கார்ந்து வீடியோ பார்க்கத்தான் லாயக்கு. விளையாட்டுக்கு வேண்டியது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா செய்யும் குவெஸ்ட் மாதிரி, முன்பக்கத்திலேயே கேமரா வைத்து அறையையும் உங்கள் கைகளையும் பார்த்துக்கொண்டே இருக்கும் ஹெட்செட். கம்ப்யூட்டர் தேவையில்லை, வயரும் கிடையாது, ரெண்டு கையிலும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு ஆடவேண்டியதுதான்.

எல்லா விளையாட்டும் இதில் ஒரே மாதிரி வராது, வாங்குவதற்கு முன்னால் யோசிக்கவேண்டிய முக்கியமான இடம் இதுதான். ஒரு விளையாட்டை ஹாலுக்குள் கொண்டுவரும்போது ரெண்டு விஷயம் போய்விடும்: ஓடுகிற தூரம், கையில் உணர்கிற எடை. ஷட்டில் கோர்ட் 13.4 மீட்டர் நீளம், அந்த ஓட்டத்தை எந்த ஹாலுக்குள் அடைப்பது? வி.ஆரில் ராக்கெட் விளையாட்டுகள் இருக்கின்றன, ‘ராக்கெட் கிளப்’ மாதிரி நன்றாகச் செய்தவையும் உண்டு, ஆனால் மைதானத்தைச் சுருக்கித்தான் தருவார்கள், கால் வேலை பாதிகூட இருக்காது. கிரிக்கெட் மட்டை ஒரு கிலோவுக்கு மேல், கன்ட்ரோலரோ நூறு கிராம் சொச்சம். ஹைதராபாத்காரர்கள் செய்த ‘ஐபி கிரிக்கெட்’ 2018-இல் வந்தது, பந்தைக் கடைசி வரை பார்த்து நேரம் பிடித்து அடிப்பதற்கு அது நல்ல பழக்கம், பொழுதும் போகும், ஆனால் ரன் ஓட முடியாது, ஃபீல்டிங்கும் கிடையாது. பாலாற்று மணலில் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற பையன்களிடம் இதைக் கொடுத்தால் பத்து ஓவர் ஆடிப் பார்த்துவிட்டுத் திரும்ப மணலுக்கே போய்விடுவார்கள், போகவும் வேண்டும்.

டேபிள் டென்னிஸுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. நிஜ ஆட்டத்திலேயே நீங்கள் நிற்கிற இடம் மேசைக்குப் பின்னால் ரெண்டு மூன்று அடிதான். பந்தின் எடை 2.7 கிராம், அது மட்டையில் பட்டால் கைக்குத் தெரிவது ஒரு சின்னத் தட்டல் மட்டும்தான், அந்தத் தட்டலைக் கன்ட்ரோலரின் அதிர்வு ஏறக்குறைய அப்படியே கொடுத்துவிடுகிறது. ‘இலெவன் டேபிள் டென்னிஸ்’ என்ற கேமில் பந்தின் சுழற்சி, எகிறும் உயரம் எல்லாவற்றையும் அவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள். பள்ளியில் ஆடியவர்களுக்குப் பழைய மணிக்கட்டுப் பழக்கம் அப்படியே திரும்பி வருகிறது, இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். எங்கள் அண்ணி பள்ளி நாட்களில் டேபிள் டென்னிஸ் டீமில் இருந்தவர், கல்யாணமாகிக் குழந்தைகள் வந்த பிறகு மட்டையையே தொடவில்லை. இப்போது ராத்திரி ஒன்பதரைக்குக் குழந்தைகள் தூங்கினதும் டீப்பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஹெட்செட்டை மாட்டுகிறார். இடது கையால் பந்தைத் தூக்கிப் போடும்போது முட்டி லேசாக மடங்குகிறது, வலது தோள் பின்னால் போகிறது, மணிக்கட்டு கடைசி நொடியில் ஒரு சுழி சுழிக்கிறது, எதிர்ப்பக்கம் இன்டர்நெட் வழியாக ஆடும் எந்த நாட்டுக்காரரோ தடுமாறுகிறார். திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்த எங்கள் ஆயா, "இன்னாடீ இது, காத்தப் போட்டு இந்த அடி அடிக்கிற?" என்று கேட்டுவிட்டு, அண்ணி நெற்றியில் வழிகிற வேர்வையைப் பார்த்ததும் உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தது. அண்ணிக்கு எந்த கோர்ட்டிலும் அந்த நேரத்தில் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் ராத்திரி பத்து மணிக்கு அங்கே போய்விட்டுத் தனியாகத் திரும்பி வரமுடியாது. இந்த மாதிரி ஆட்டத்தை நிறுத்திய பெண்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வி.ஆர். விளையாட்டால் அதிகம் பயன் அடையப்போவது இவர்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன், அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஆட்ட மும்முரத்தில் எதிரே மேசை இருப்பதாகவே மனசு நம்பிவிடும், பாயிண்ட் முடிந்ததும் அதன் மேல் கையை ஊன்றப் போவார்கள். அங்கே மேசை கிடையாது, நேராகத் தரைதான். புதிதாக ஆடுகிறவர் பக்கத்தில் முதல் சில நாள் யாராவது நிற்பது நல்லது.

உழைப்பு எவ்வளவு என்று பார்த்தால், சும்மா உட்கார்ந்திருப்பதை 1 என்று வைத்து மற்றவற்றை அதன் மடங்காகச் சொல்லும் ‘மெட்’ கணக்கு ஒன்று உண்டு. 2011-ஆம் வருஷப் பட்டியலில் வேக நடை 4.3, டேபிள் டென்னிஸ் 4, கிரிக்கெட் 4.8, ஜாலியாக ஆடும் ஷட்டில் 5.5, போட்டி ஷட்டில் 7. இவை நிஜ ஆட்டத்துக்கு. வி.ஆர். டேபிள் டென்னிஸில் பந்து பொறுக்கக் குனிகிற வேலை இல்லை, அதே சமயம் பந்து பொறுக்கும் நேரமும் வீணாகாமல் ஆட்டம் விடாமல் போகும். ஆக, வேக நடைக்குப் பக்கத்தில் வரும் மிதமான பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம், தினமும் அரை மணி நேரம் ஆடினால் 150 நிமிடம் அஞ்சே நாளில் முடிந்துவிடும்.

அதைவிடக் கடுமையாக வேண்டும் என்றால் பாக்ஸிங். ‘தி த்ரில் ஆஃப் தி ஃபைட்’ என்ற கேமில் மூன்று ரவுண்டு நின்றவருக்கு மூச்சு வாங்கும். எதிரே நிற்பவன் குத்த வரும்போது நிஜமாகவே குனிந்து விலக வேண்டும், அதனால் கை மட்டுமில்லாமல் தொடையும் வேலை செய்யும். இதில் ஒரே ஆபத்து முழங்கைக்கு. நிஜ மூட்டையைக் குத்தினால் அது கையைத் தடுக்கும், காற்று தடுக்காது. அதனால் கையை முழுசாக நீட்டிச் சொடுக்காமல் கொஞ்சம் மடங்கிய நிலையிலேயே நிறுத்திப் பழகுங்கள், இல்லையென்றால் ஒரே வாரத்தில் மூட்டு வலிக்கும். ரெண்டுக்கும் நடுவில், பாட்டுக்கு ஏற்ப வாளால் கட்டைகளை வெட்டுகிற ‘பீட் சேபர்’ இருக்கிறது, விளையாட்டு பிடிக்காது, டான்ஸ் பிடிக்கும் என்பவர்களுக்கு அதுதான் சரி. இந்த மூன்றிலும் நீங்கள் நின்ற இடத்திலிருந்து உங்கள் காலால் நகர்ந்த அளவுதான் திரையிலும் நகரும், அதனால் தலைசுற்றல் அவ்வளவாக வராது. பட்டனை அழுத்தினால் கண்ணுக்கு முன்னால் உலகம் ஓடுகிற கேம்களில்தான் பிரச்சினை. கண் ஓடுவதாகச் சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்பதாகச் சொல்லும், நடுவில் வயிறு புரட்டும். அப்படி வந்தால் சமாளித்து ஆடவே கூடாது, உடனே கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது வீடு. ஆறரை அடிக்கு ஆறரை அடி காலி இடம் வேண்டும் என்கிறது மெட்டா, பாக்ஸிங்குக்கு அதற்கு மேல் இருந்தால் நல்லது. தரையை அளப்பவர்கள் மேலே பார்ப்பதில்லை. நம் வீடுகளில் சீலிங் ஃபேன் சரியாக ஹால் நடுவில்தான் தொங்கும். கன்ட்ரோலரைப் பிடித்தபடி கையை முழுசாகத் தூக்கி, குதிகாலை உயர்த்திப் பாருங்கள், இறக்கைக்கும் கைக்கும் நடுவில் ஒரு அடியாவது இடைவெளி இல்லையென்றால் அந்த அறை வேண்டாம், வேறு அறை இல்லையென்றால் ஃபேனை நிறுத்திவிட்டு ஓரத்தில் ஒரு டேபிள் ஃபேனை வையுங்கள். டேபிள் ஃபேனுக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது, முகத்தில் காற்று படுகிற பக்கத்தை வைத்தே எந்தத் திசையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். காலுக்கடியில் ஒரு சின்ன மிதியடியைப் போட்டுக்கொண்டால், அதை விட்டு விலகும்போது பாதம் சொல்லிவிடும். ஹெட்செட்டே எல்லைக் கோடு காட்டும், என்றாலும் நடுவில் ஓடி வருகிற குழந்தையை அதை நம்பி விடமுடியாது, கதவைத் தாழ் போடுங்கள்.

மொட்டை மாடியில் தாராளமாக இடம் இருக்கிறதே என்று தோன்றும். பகலில் மாடிக்குக் கொண்டுபோகவே கூடாது. லென்ஸில் நேர் வெயில் பட்டால் அது பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும், ஒரு நிமிஷம்கூட வேண்டாம், அந்தப் புள்ளி அப்புறம் போகவே போகாது. ஜன்னலோர மேசையில் கவிழ்க்காமல் வைத்தாலும் இதே கதிதான். ராத்திரி மாடியில் ஆடலாம், ஆனால் கும்மிருட்டில் கேமராவுக்குச் சுற்றிலும் இருப்பது சரியாகத் தெரியாது, ஒரு டியூப்லைட் எரியவேண்டும். வேர்வைக்கு சிலிக்கான் முகப்பட்டை வாங்கிவிடுங்கள், கூட வரும் ஸ்பாஞ்ச் நம் ஊர் மே மாதத்துக்குத் தாங்காது, நாறிவிடும். லென்ஸைக் காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், ஸ்பிரிட் வேண்டாம். ஒரே ஹெட்செட்டை வீட்டில் மூன்று பேர் மாட்டினால் ஆளுக்கொரு முகப்பட்டை இருப்பது நல்லது.

எந்த மாடல் என்றால், விளையாட்டுக்கு மட்டும் என்பவருக்கு 2024 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3எஸ் போதும். 2023-இல் வந்த குவெஸ்ட் 3-க்கும் இதற்கும் உள்ளே இருக்கும் சிப் ஒன்றுதான், எடையும் ரெண்டுமே அரைக் கிலோ சொச்சம்தான். குவெஸ்ட் 3-இன் லென்ஸ் ஓரம் வரை தெளிவாகத் தெரியும், கண்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை அதில் திருகி நுணுக்கமாகச் சரிசெய்யலாம், 3எஸ்ஸில் மூன்று நிலைகள் மட்டும்தான். அந்த மூன்றில் ஒன்றும் உங்கள் கண்ணுக்குப் பொருந்தாவிட்டால் தலைவலிக்கும், அதனால் வாங்குவதற்கு முன் யாரிடமாவது வாங்கிப் போட்டுப் பார்த்துவிடுங்கள், காட்பாடிப் பக்கம் காலேஜ் பிள்ளைகள் யாரிடமாவது இருக்கும். பழைய குவெஸ்ட் 2 குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. டேபிள் டென்னிஸுக்கு அது இன்றைக்கும் தாங்கும், ஆனால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நேரில் பாருங்கள், பழைய சொந்தக்காரர் தன் கணக்கை நீக்கி ரீசெட் செய்வதைக் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். அதன் ஆரம்பகால ஸ்பாஞ்ச் சிலருக்குத் தோலில் எரிச்சல் தந்ததால் 2021-இல் நிறுவனமே சிலிக்கான் உறை கொடுத்தது, அந்த உறை இருக்கிறதா என்று கேளுங்கள். பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 படம் அருமையாக இருக்கும், ஆனால் பிஎஸ்5 கேம் கன்சோலோ, அடாப்டர் போட்ட கம்ப்யூட்டரோ வேண்டும், வயரும் உண்டு, குத்தித் திரும்புகிறவர் காலில் வயர் சுற்றுவது நல்லதில்லை.

3எஸ்ஸுக்கு அமெரிக்காவில் வைத்த ஆரம்ப விலை 300 டாலர். இங்கே பெரும்பாலும் இறக்குமதி செய்து விற்பவர்களிடமிருந்துதான் வருகிறது, அதனால் விலை கூடும், வாரண்டி யார் தருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேம்களையும் சேர்த்து 35,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு ரெண்டு வருஷத்துக்குப் பிரித்தால், தினமும் ஆடினால் ஒரு நாளைக்கு 48 ரூபாய், வாரம் மூன்று நாள் ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு 112 ரூபாய். உங்கள் ஏரியா ஷட்டில் கோர்ட்டில் உங்கள் பங்கு எவ்வளவு வருகிறது என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வீட்டில் ரெண்டு பேர் ஆடினால் இந்தக் கணக்கு பாதியாகும், கோர்ட் கணக்கு ஆகாது.

ஆக, நாலு நண்பர்கள் ஒரே தெருவில் இருந்தால் ஷட்டில். அப்பா அம்மாவுக்கு நடை, அவர்கள் தலையில் ஹெட்செட்டை மாட்டவேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது தடுமாறினால் இந்த வயதில் இடுப்பெலும்பு என்னாவது? பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மெட்டாவே அனுமதி தருவதில்லை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் கட்டுப்பாட்டில் இருக்கும் கணக்கு வேண்டும், அந்த வயதில் தெருவில் ஓடட்டும். ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்கி எழுகிறவர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள், கைக்குழந்தை இருக்கிறவர்கள், எங்கள் அண்ணி மாதிரி ஆட்டம் தெரிந்தும் ஆட இடமில்லாதவர்கள், இவர்கள் எல்லோரும் தயங்காமல் வி.ஆர். வாங்கலாம். வாங்கினால் முதல் வாரம் பத்துப் பத்து நிமிஷம் மட்டும் ஆடுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஆடுங்கள், ஒரே ஒரு கேமை வாங்கி அதில் கை தேறிய பிறகு அடுத்ததை வாங்குங்கள், ஆடி முடித்ததும் மறக்காமல் சார்ஜில் போட்டுவிடுங்கள், ஏனென்றால் ரெண்டு மணி நேரம் சொச்சம்தான் பேட்டரி நிற்கும், மறுநாள் ஆட நேரம் கிடைக்கும்போது சார்ஜ் இல்லாமல் இருந்தால் அன்றைய ஆட்டம் அதோடு போய்விடும்.